கைப்பக்குவ உணவுத் தொழிலை வளர்ப்பது: பிராண்ட், இணைய விற்பனை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குறைந்த அளவில், கைப்பக்குவத்தோடு உணவுப் பொருள் செய்து விற்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் தெரிந்தவர் வட்டம் போதாமல் போகும். அங்கிருந்து அடுத்த படிக்கு நகரும்போது எழும் கேள்விகள் இவை. உரிமம், வரி, லேபிள் விதிகள் நாட்டுக்கு நாடு வேறு. அவற்றை உங்கள் பகுதியின் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் நேரடியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பொருள் நன்றாக இருந்தால் தானாக விற்காதா? பிராண்ட் எதற்கு?

தெரிந்தவர்களிடம் தானாக விற்கும். அவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். பாட்டிலில் பெயர்கூட இல்லாவிட்டாலும் கவலைப்பட மாட்டார்கள். முன்பின் தெரியாத ஒருவர் கைக்கு அதே பாட்டில் போகும்போது, உங்களுக்காகப் பேச அங்கே யாரும் இல்லை. பெயரும் லேபிளும் பாட்டிலுமே பேசியாக வேண்டும்.

பின்னாளில் கெச்சப்புக்குப் பேர்போன ஹென்றி ஹைன்ஸ் 1869-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குதிரைமுள்ளங்கி என்ற காரமான வேரைத் துருவிப் பாட்டிலில் அடைத்து விற்கத் தொடங்கினார். அந்தக் காலத்தில் அதில் மலிவான சரக்கைக் கலந்து, நிறக் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து மறைப்பது சாதாரணம். அவர் நிறமில்லாத கண்ணாடியில் விற்றார். கலப்படம் இல்லை என்று எழுதி ஒட்டுவதைவிட அது உரக்கப் பேசியது.

முதல் பாட்டிலை விற்பது தோற்றமோ, யாரோ செய்த சிபாரிசோ. இரண்டாவதை விற்பது ருசி. சிறு உணவுத் தொழில் பிழைப்பது இரண்டாவது பாட்டிலில்தான். புதிய ஆள் ஒருவரைத் தேடிப் பிடிக்கும் செலவை முதல் பாட்டிலின் லாபம் பெரும்பாலும் தாங்காது. அதனால் இனி எந்தச் செலவுக்கு முன்பும் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: ஒருமுறை வாங்கியவர் மறுபடி வாங்க இது உதவுமா?

அப்படியானால் லோகோவும் லேபிளும்தானே முதல் வேலை?

இல்லை. முதல் வேலை தராசு. போன மாதம் சாப்பிட்ட அதே ருசி, அதே பதம் இந்த மாதமும் இருக்க வேண்டும். அது இல்லாமல் லேபிளை அழகாக்கினால், ஏமாந்துபோகிறவர்களின் எண்ணிக்கைதான் கூடும்.

செய்முறையைக் கிராம் கணக்கில் எழுதுங்கள். கரண்டி, கைப்பிடி, கொஞ்சம் என்பதெல்லாம் உங்கள் கைக்கு மட்டுமே தெரிந்த அளவுகள். நாளை உதவிக்கு ஒருவரைச் சேர்த்தால் அவர் கைக்குத் தெரியாது. வெப்பநிலை, நேரம், எந்த மூலப்பொருள் எந்தச் சாக்கிலிருந்து வந்தது, யார் செய்தார், எத்தனை பாட்டில் தேறியது ஆகியவற்றை ஒவ்வொரு பேட்சுக்கும், அதாவது ஒரே தடவையில் செய்த சரக்குக்கும், ஒரு வரியில் குறித்து வையுங்கள். பாட்டிலில் அந்தப் பேட்ச் எண் இருக்க வேண்டும். நாளைக்கு ஒரு புகார் வந்தால், அந்தப் பேட்சில் வந்த 40 பாட்டில்களை மட்டும் திரும்பப் பெறலாம். எண் இல்லையென்றால் சந்தையில் இருக்கும் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டாக வேண்டும்.

அடுத்தது கெடாமல் இருப்பது. இங்கே இரண்டு எண்களைத் தெரிந்து வைத்திருங்கள். ஒன்று பிஹெச் 4.6. பிஹெச் என்பது புளிப்பை அளக்கும் எண்; அது குறையக் குறையப் புளிப்பு கூடும். உணவின் பிஹெச் இந்த எண்ணிலோ அதற்குக் கீழோ இருந்தால், பாட்டுலிசம் என்ற ஆபத்தான நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் கிருமி அதில் வளராது. இன்னொன்று நீர்ச்செயல்பாடு 0.85. நுண்ணுயிர்கள் பயன்படுத்திக்கொள்ளக்கூடிய தண்ணீர் உணவில் எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டும் அளவு இது. 0.85-க்குக் கீழே போனால் நோய்க்கிருமிகள் வளர்வது பெரும்பாலும் நின்றுவிடும். பூஞ்சணம் மட்டும் அதற்குக் கீழேயும் தாக்குப்பிடிக்கும். தேன் சுமார் 0.6-இல் இருப்பதால்தான் ஆண்டுக்கணக்கில் அசையாமல் நிற்கிறது. பிஹெச் மீட்டர் சின்னத் தொழிலுக்கும் கட்டுப்படியாகும். நீர்ச்செயல்பாட்டை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். காலாவதித் தேதியை ஆய்வகப் பரிசோதனையின் பேரில் போடுங்கள், ஊகத்தில் போடாதீர்கள்.

எந்தப் படியில் தவறு நேர்ந்தால் ஆபத்து என்று முன்கூட்டியே கண்டு, அந்தப் படியைக் கண்காணிக்கும் முறைக்கு ஹாசப் என்று பெயர். 1960-களில் விண்வெளி வீரர்களின் உணவுக்காக பில்ஸ்பரி உணவு நிறுவனமும் நாசாவும் அமெரிக்க ராணுவ ஆய்வகமும் சேர்ந்து உருவாக்கியது. பெயர் பெரிதாக இருந்தாலும் சிறிய சமையலறையில் ஒரு தாளில் அடங்கிவிடும் வேலைதான்.

எல்லாவற்றையும் கிராம் கணக்கில் எழுதினால் கைப்பக்குவம் என்ன ஆவது?

ஒன்றும் ஆகாது. பழத்தின் இனிப்பு பருவத்துக்குப் பருவம் மாறும், மாவு தண்ணீர் இழுப்பது மாறும். அந்த மாற்றத்தைப் பார்த்துச் சரிசெய்வதுதான் பக்குவம். எழுதி வைத்திருந்தால் எதைச் சரிசெய்தோம் என்று தெரியும், அவ்வளவுதான்.

பெயர் எப்படி வைப்பது?

போனில் ஒருமுறை சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் தவறில்லாமல் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இதுதான் நான் வைக்கும் முதல் சோதனை. நான்கு விதமாக எழுதக்கூடிய பெயர் இணையத்தில் நான்காகச் சிதறிவிடும்.

பொருளை அப்படியே வர்ணிக்கும் பெயர்களைத் தவிர்க்கலாம். 'சுத்தமான தேன்' என்ற பெயரை எந்த நாட்டிலும் உங்களுக்கு மட்டும் என்று எளிதில் பதிவு செய்து தர மாட்டார்கள், ஏனென்றால் தேன் விற்கும் எல்லோருக்கும் அந்தச் சொற்கள் தேவை. ஒரே பண்டத்தோடு கட்டிப்போடும் பெயரும் சிக்கல்தான்: ஜாம் என்று பெயரிலேயே இருந்தால் பிஸ்கட் விற்கும் நாளில் சங்கடம்.

பெயரை முடிவு செய்யும் முன் மூன்று இடங்களில் தேடுங்கள்: டொமைன் பெயர், சமூக ஊடகக் கணக்குகள், உங்கள் நாட்டின் வணிகக்குறி (டிரேட்மார்க்) பதிவேடு. பதிவேடுகளில் பெரும்பாலானவை, பொருட்களை வகுப்புகளாகப் பிரிக்கும் நைஸ் வகைப்பாடு என்ற சர்வதேச முறையைப் பின்பற்றுகின்றன. அதில் ஜாம், ஊறுகாய், பால் பொருட்கள், சமையல் எண்ணெய் எல்லாம் 29-ஆம் வகுப்பு. காபி, ரொட்டி, சாக்லேட், தேன், சாஸ் ஆகியவை 30-ஆம் வகுப்பு. இரண்டிலும் தேடுங்கள். ஒரு நாட்டில் விண்ணப்பித்த பின் 6 மாதத்துக்குள் வேறு நாட்டில் விண்ணப்பித்தால், முதல் விண்ணப்பத் தேதியையே முன்னுரிமையாகக் கேட்க பாரிஸ் உடன்படிக்கை இடம் தருகிறது. ஏற்றுமதி ஆசை இருப்பவர்களுக்கு இது முக்கியம். டொமைன் பெயரை உங்கள் சொந்தப் பெயரிலேயே பதிவு செய்யுங்கள்; இணையதளம் கட்டித் தரும் நண்பரின் கணக்கில் விட்டுவைக்காதீர்கள்.

லேபிளில் என்னென்ன இருக்க வேண்டும்?

முன்பக்கத்தில் மூன்று விஷயம் போதும்: பெயர், இது என்ன பண்டம், எதனால் இது வேறுபட்டது. இரண்டடி தூரத்திலிருந்து 'இது என்ன' என்பது தெரியாவிட்டால் அலங்கரித்துப் பயனில்லை. கலைநயமாக இருக்கிறதே என்று பண்டத்தின் பெயரைத் துளியூண்டு எழுத்தில் போடும் லேபிள்களை நிறையப் பார்க்கிறேன். வாங்குபவர் பாட்டிலைத் திருப்பிப் பார்ப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பின்பக்கத்தைச் சட்டம் தீர்மானிக்கும். பொருட்கள் எடை வரிசைப்படி, நிகர எடை, தேதி, பேட்ச் எண், முகவரி, ஒவ்வாமை தருபவை. ஒவ்வாமைப் பட்டியலும் எழுத்தளவும் இடத்துக்கு இடம் மாறும். ஐரோப்பிய ஒன்றியம் 14 ஒவ்வாமைப் பொருட்களைக் குறிப்பிடச் சொல்கிறது. அமெரிக்காவில் 2023 ஜனவரியில் எள்ளையும் சேர்த்து 9 ஆனது. ஐரோப்பிய விதிப்படி சிறிய எழுத்தான x-இன் உயரம் குறைந்தது 1.2 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அங்கே இணையத்தில் விற்றால், தேதி நீங்கலாகக் கட்டாயத் தகவல்கள் எல்லாம் வாங்குவதற்கு முன்பே திரையில் தெரிய வேண்டும். உங்கள் நாட்டில் அந்த விதி இருக்கிறதோ இல்லையோ, பின்பக்க லேபிளின் தெளிவான படம் ஒன்றைப் பொருள் பக்கத்தில் போட்டுவிடுங்கள். குழந்தைக்கு ஒவ்வாமை இருக்கும் தாய் அதைப் பார்க்காமல் வாங்க மாட்டார்.

பிராண்டுக்குக் கதை வேண்டும் என்கிறார்கள். எங்களிடம் பெரிய கதை ஒன்றும் இல்லையே?

இல்லாத பாட்டியைக் கண்டுபிடிக்காதீர்கள். பாட்டியின் ரகசியச் செய்முறை என்று சொல்லாத லேபிள்தான் இப்போது அபூர்வம்.

நீங்கள் அதிகச் செலவு என்று தெரிந்தும் செய்கிற ஒரு காரியம் இருக்கும். பழத்தைக் குறிப்பிட்ட சில வாரங்களில் மட்டும் வாங்குவது, மாவை இரவு முழுக்கப் புளிக்க விடுவது, வேறு இனிப்பு சேர்க்காமல் பொறுமையாகச் சுண்டக் காய்ச்சுவது. ஏன் அப்படிச் செய்கிறீர்கள், அதனால் ருசியில் என்ன வித்தியாசம் என்று நாலு வரியில் சொல்லுங்கள். அதுதான் கதை. வேறு யாரும் நகல் எடுத்துச் சொல்லவும் முடியாது, ஏனென்றால் சொன்னால் செய்தாக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இன்று உண்மையாக இருக்கும் வாசகம் தொழில் வளர்ந்ததும் பொய்யாகலாம். சுவிட்சர்லாந்தின் டாப்லரோன் சாக்லேட்டின் உற்பத்தியில் ஒரு பகுதி ஸ்லோவாக்கியாவுக்குப் போனதால், சுவிஸ் சட்டப்படி 2023-இல் அட்டையிலிருந்து சுவிஸ் அடையாளமான மாட்டர்ஹார்ன் மலையின் படத்தை எடுத்துவிட்டுப் பொதுவான மலை ஒன்றைப் போட வேண்டி வந்தது. 'ஒவ்வொன்றும் கையால் செய்தது' என்று இன்று அச்சிட்டால், நாளை கலக்கும் இயந்திரம் வாங்கும்போது என்ன சொல்வீர்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

விலையை எப்படி நிர்ணயிப்பது? பக்கத்துக் கடை விலையைப் பார்த்துப் போட்டால் போதாதா?

போதாது. பெரும்பாலான சிறு தொழில்கள் தள்ளாடும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

விற்பனை விலை 100 பங்கு என்று வையுங்கள். எடுத்துக்காட்டுக்கு, மூலப்பொருள் 25, பாட்டில், மூடி, லேபிள், பெட்டி 10, கூலி 20, வாடகையும் எரிபொருளும் மின்சாரமும் 8. மொத்தம் 63. கூலியில் உங்கள் உழைப்பும் சேர்த்தி. அதைக் கணக்கில் எடுக்காதவர்கள் லாபம் வருகிறது என்று நினைத்துக்கொண்டு சும்மா வேலை செய்கிறார்கள்.

நேரில் விற்றால் 37 மிஞ்சும். சொந்த இணையதளத்தில் விற்று, டெலிவரிக்கு 8, பணம் வசூலிக்கும் கட்டணம் 2 போனால் 27. ஆன்லைன் சந்தைத் தளம் 20 கமிஷன் எடுத்து, டெலிவரியில் உங்கள் பங்கு 8 என்றால் 9. கடைக்கு 30 தள்ளிக் கொடுத்தால் 7. நடுவில் விநியோகஸ்தர் ஒருவர் வந்து மேலும் 10 கேட்டால் கைக்கு வருவது 60. ஒவ்வொரு பாட்டிலுக்கும் 3 நஷ்டம்.

ஆக, ஒரே பண்டம் ஒரு வழியில் நல்ல தொழில், இன்னொரு வழியில் கையைக் கடிக்கும் தொழில். கடைகளுக்குப் போகும் எண்ணம் என்றைக்காவது இருந்தால், அந்தத் தள்ளுபடியைத் தாங்கும் விலையை முதல் நாளே வையுங்கள். பிறகு ஏற்றுவது கடினம். சொந்தத் தளத்தில் மலிவாகவும் கடையில் அதிகமாகவும் விற்றால் கடைக்காரர் கோபப்படுவார், அதுவும் நியாயம்தான். விலையைக் குறைத்து வாடிக்கையாளரைப் பிடிக்கும் போட்டியில் தொழிற்சாலைச் சரக்கோடு நீங்கள் மோதவே வேண்டாம். சிறிய அளவுப் பாட்டில் ஒன்று வையுங்கள். புதியவர் பயமில்லாமல் ருசி பார்க்க அது போதும், பெரிய பாட்டிலின் விலையும் கெடாது.

சந்தைத் தளமா, சொந்த இணையதளமா, வாட்ஸ்அப்பா?

மூன்றுக்கும் வேலை வேறு. சந்தைத் தளத்தில் ஏற்கெனவே கூட்டம் இருக்கிறது, உங்களைத் தெரியாதவர் அங்கே தற்செயலாகப் பார்ப்பார். ஆனால் வாங்கியவர் யார் என்பதைத் தளம் பெரும்பாலும் உங்களிடம் சொல்லாது. மறுபடி அவரைக் கூப்பிட வழியில்லை. வாட்ஸ்அப் தொடங்கச் சுலபம். ஆர்டர் கூடக்கூட யார் பணம் அனுப்பினார், யாருக்கு அனுப்பியாச்சு என்று அரட்டைகளைப் புரட்டிக்கொண்டிருப்பீர்கள். சொந்தத் தளத்துக்கு ஆட்களை நீங்களே கூட்டி வர வேண்டும்.

என் ஆலோசனை: புதியவரைச் சந்தைத் தளத்திலும் சமூக ஊடகத்திலும் பிடியுங்கள், திரும்ப வருபவரைச் சொந்த இடத்துக்கு அழைத்து வாருங்கள். சம்மதம் கேட்டு வாங்கிய போன் எண்களும் மின்னஞ்சல்களும் உள்ள பட்டியல்தான் உங்கள் உண்மையான சொத்து. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் உலகம் முழுக்கச் சுமார் 6 மணி நேரம் முடங்கின. அந்த மூன்றை மட்டுமே நம்பியிருந்தவர்களுக்கு அன்று வாடிக்கையாளரோடு பேச வேறு வழி இல்லை. கணக்கு முடக்கப்பட்டால் 6 மணி நேரத்தோடு தீராது. மாதம் ஒருமுறை அந்தப் பட்டியலை நகலெடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

தினமும் பதிவு போட வேண்டுமா?

வேண்டாம். வாரம் இரண்டு பதிவு, விட்டுப்போகாமல், போதும். ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த படம், பண்டத்தை எதோடு எப்படிச் சாப்பிடலாம் என்ற ஒரு வரி. சாப்பிடும் விதம் தெரியாமல் அலமாரியில் பாதி காலியாக நிற்கும் பாட்டில்தான் உங்கள் அடுத்த விற்பனையைத் தடுக்கிறது.

விளம்பரத்துக்குச் செலவழிக்கலாமா?

மேலே சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்வோம். சொந்தத் தளத்தில் ஒரு விற்பனைக்கு 27 மிஞ்சுகிறது. விளம்பரத்தில் ஒரு புதிய ஆளைப் பிடிக்க 40 செலவானால் முதல் விற்பனையில் 13 நஷ்டம். அவர் விளம்பரம் இல்லாமல் மறுபடி வாங்கினால் 27 வரும். இருவரில் ஒருவர் திரும்ப வந்தால் 26 நஷ்டத்தை 27 ஈடுகட்டி, 1 மிஞ்சும். மூவரில் ஒருவர்தான் வருகிறார் என்றால் 39 போய் 27 வந்து, 12 கைவிட்டுப் போகும்.

எனவே எத்தனை பேர் திரும்ப வாங்குகிறார்கள் என்று தெரியாமல் விளம்பரத்தில் பணம் போடுவது வீண். இந்த மாதம் முதன்முறை வாங்கிய 100 பேரில் எத்தனை பேர் 3 மாதத்துக்குள் மறுபடி வாங்கினார்கள்? இந்த ஒரு எண்ணை மாதாமாதம் குறித்து வையுங்கள். லைக், ஃபாலோயர் எண்ணிக்கையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

டிஜிட்டலுக்கு மாறுவது என்றால் பெரிய மென்பொருள் வாங்க வேண்டுமா?

ஆரம்பத்தில் ஒரு விரிதாள் போதும். ஆர்டர், கையிருப்பு, பேட்ச் மூன்றும் ஒரே இடத்தில் இருக்கட்டும். எது முதலில் காலாவதியாகுமோ அதை முதலில் அனுப்புங்கள். இரண்டு மூன்று இடங்களில் விற்கத் தொடங்கி, இல்லாத சரக்குக்கு ஆர்டர் எடுக்கும் நிலை வரும்போது கையிருப்பைத் தானாகக் குறைக்கும் மென்பொருளுக்குப் போங்கள். குழப்பமான வேலையை மென்பொருளில் ஏற்றினால் குழப்பம் வேகமாக நடக்கும், தீராது.

பார்கோடும் கியூஆர் குறியும் தேவையா?

பெரிய கடைகளும் சந்தைத் தளங்களும் பார்கோடு கேட்கும். அதை, பார்கோடு எண்களை வழங்கும் ஜிஎஸ்1 என்ற சர்வதேச அமைப்பிடம் பெறுவதே பாதுகாப்பு. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பழைய எண்கள் வேறொருவர் பெயரில் பதிவாகியிருக்கலாம்.

கியூஆர் குறியை 1994-இல் ஜப்பானின் டென்சோ நிறுவனம் உருவாக்கியது. யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். ஆனால் அதை உருவாக்கித் தரும் சில சேவைகள் தங்கள் முகவரி வழியாகத் திருப்பிவிடும். சந்தா கட்டத் தவறினால் நீங்கள் அச்சடித்த எல்லா லேபிளும் செத்த லேபிள். குறிக்குள் உங்கள் சொந்த டொமைன் முகவரியையே போடுங்கள். அது திறக்கும் பக்கம் முகப்புப் பக்கமாக இருக்கக் கூடாது. அந்தப் பண்டத்தையே மறுபடி ஆர்டர் செய்யும் பக்கமாக இருக்க வேண்டும், ஏனென்றால் குறியை ஸ்கேன் செய்பவர் பெரும்பாலும் பாட்டில் தீரும் நிலையில் இருப்பவர்.

லேபிள் பழசாகத் தெரிகிறது. முழுக்க மாற்றிவிடலாமா?

டிராப்பிகானா 2009-இல் தன் ஆரஞ்சுச் சாறு அட்டையை அடியோடு மாற்றியது. ஆரஞ்சில் உறிஞ்சுகுழல் செருகிய பழைய படம் போய், கண்ணாடி டம்ளர் வந்தது. இரண்டே மாதத்துக்குள் விற்பனை சுமார் 20 சதவீதம் சரிந்து, பழைய அட்டைக்கே திரும்பினார்கள். சாறு மாறவில்லை, அலமாரியில் மக்களுக்கு அடையாளம் தெரியவில்லை. நிறம், பாட்டில் வடிவம், பெயர் எழுதிய விதம் இவற்றில் எதை வைத்து உங்களைத் தேடுகிறார்கள் என்று வாடிக்கையாளர்களிடம் கேளுங்கள். அதைத் தொடாமல் மற்றதை மாற்றலாம். லேபிள்களை டிஜிட்டல் அச்சில் சிறு அளவில் அடித்துச் சோதித்த பிறகு மொத்தமாக அடியுங்கள்.

மோசமான விமர்சனம் வந்தால்?

ஒரு நாளுக்குள், சுருக்கமாக, பேட்ச் எண்ணைக் கேட்டுப் பதில் எழுதுங்கள். பணத்தைத் திருப்பிக் கொடுப்பது வாதாடுவதைவிட மலிவு. ஒரே பேட்சைப் பற்றி இரண்டு பேர் சொன்னால் அது விமர்சனம் இல்லை, தகவல். மீதியை அனுப்புவதை உடனே நிறுத்திவிட்டுச் சோதியுங்கள்.

செயற்கை நுண்ணறிவை வைத்துப் படமும் வாசகமும் செய்துகொள்ளலாமா?

வாசகத்துக்கு வரைவு எடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், கணக்குத் தாளுக்கு உதவி கேட்கலாம். பண்டத்தின் படத்தை மட்டும் உருவாக்க வேண்டாம். பெட்டியைத் திறப்பவர் திரையில் பார்த்ததையே பார்க்க வேண்டும்.

பெரிய கடைச் சங்கிலி ஒன்று ஆர்டர் தருகிறது. ஒப்புக்கொள்ளலாமா?

முதலில் பணம் எத்தனை நாளில் வரும் என்று கேளுங்கள். 60 நாள் கடன் என்றால், இரண்டு மாத உற்பத்திச் செலவை நீங்கள் கையிலிருந்து போட வேண்டும். விற்காமல் மிஞ்சுவது யார் தலையில், அலமாரி இடத்துக்குக் கட்டணம் உண்டா, தள்ளுபடி விற்பனை வைத்தால் அந்த இழப்பு யாருடையது ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். உங்கள் மொத்த விற்பனையில் பாதிக்கு மேல் ஒரே கடைக்குப் போகும் என்றால் எனக்குத் தயக்கம்தான். சில கிளைகளில் மட்டும் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்பதில் தவறில்லை, பல கடைகள் ஒப்புக்கொள்ளும். வேறு ஆலையில் செய்து வாங்கித்தான் அந்த ஆர்டரை நிறைவேற்ற முடியும் என்றால், முதல் மாதிரி வந்ததும் உங்கள் பழைய வாடிக்கையாளர்கள் சிலருக்கு இரண்டு பாட்டிலையும் பெயர் மறைத்துக் கொடுத்து, எது எது என்று சொல்லச் சொல்லுங்கள். அவர்களுக்கு வித்தியாசம் தெரிந்தால் ஆர்டரைத் தள்ளிப்போடுங்கள்.